பிளான் ‘ரீப்ளேஸ்’ என்கிறது, அப்ளை கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி:

எங்கள் தளத்தின் தேடல் அமேசான் ஓபன்சர்ச் சர்வீஸில் (அமேசான் நடத்தித்தரும் தேடல் சேவை) ஓடுகிறது. எலாஸ்டிக்சர்ச் 7.10 பதிப்பு. வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர் கன்சோலில் கையால் உருவாக்கியது. மற்றதையெல்லாம் டெராஃபார்முக்குள் (சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றையும் கோடாக எழுதி நிர்வகிக்கும் டூல்) கொண்டுவந்துவிட்டோம், இது மட்டும் பாக்கி. இம்போர்ட் செய்துவிட்டு, பாதுகாப்புக் குழு கேட்டபடி விபிசிக்குள் (அமேசானில் எங்களுக்கான தனி நெட்வொர்க்) வைக்கும் வரிகளையும் சேர்த்து பிளான் (அப்ளை கொடுத்தால் என்னென்ன மாறும் என்ற முன்னோட்டம்) ஓட்டினேன். டொமைனை, அதாவது அந்தத் தேடல் கிளஸ்டரையே, ரீப்ளேஸ் செய்யவேண்டும் என்று வருகிறது. ‘டூலே சொல்கிறது, அப்ளை கொடு, ஆட்டோமேஷன் என்றால் அதுதானே’ என்கிறார் மேலாளர். எனக்குக் கை வரவில்லை. கொடுக்கலாமா? இன்டெக்ஸ் (தேடும் தகவல் இருக்கும் தொகுப்பு), மேப்பிங் (எந்த ஃபீல்டுக்கு எந்த வகை என்ற வரையறை), சினானிம் பட்டியல் (ஒரே பொருள் தரும் சொற்கள்) எல்லாவற்றையும் டெராஃபார்மிலேயே வைக்கலாமா? டெராஃபார்மிலிருந்து பிரிந்த ஓபன்டோஃபுவுக்கு இப்போதே மாறவேண்டுமா?

பதில்:

வணக்கம். கை வராமல் போனதே நல்லது. அப்ளை கொடுக்காதீர்கள்.

அந்த பிளானில் டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, ஒரு சாய்கோடு, ஒரு கூட்டல் குறி இருக்கும், அதற்கு முதலில் அழி, பிறகு புதிதாக உருவாக்கு என்று பொருள். டொமைன் அழியும்போது உள்ளே இருக்கும் இன்டெக்ஸ் எல்லாம் கூடவே போகும். ‘மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (காப்பு நகல்) தானாக எடுக்கிறதே, 14 நாளைக்கு இருக்குமே’ என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான், 336 வரை வைத்திருக்கும், ஆனால் அந்தத் தானியங்கி ஸ்னாப்ஷாட்டுகள் டொமைனோடு சேர்ந்தவை, டொமைனை அழித்தால் அவையும் அழியும். நீங்களே உங்கள் எஸ்3 பக்கெட்டில் (அமேசானின் கோப்புக் கிடங்கு) எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் மட்டும்தான் தப்பும். இதைவிட மோசமான இடம் அதற்கு அப்புறம் வருகிறது: புதிய டொமைன் பச்சை நிறத்தில், ஆரோக்கியமாக, காலியாக எழுந்து நிற்கும், உங்கள் அப்ளிகேஷன் வழக்கம்போல அதில் எழுத ஆரம்பிக்கும், இன்டெக்ஸ் இல்லையே என்று அது தானாகவே ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் வகையை ஊகித்து மேப்பிங் போட்டுக்கொள்ளும். மானிட்டரிங்கில் எல்லாம் சரி என்று தெரியும், தேடுகிறவருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது.

இது டெராஃபார்மின் பிடிவாதம் இல்லை. பொது எண்ட்பாயிண்ட்டோடு (இணையத்திலிருந்து எட்டக்கூடிய முகவரி) உருவான ஓபன்சர்ச் டொமைனைப் பின்னால் விபிசிக்குள் நகர்த்த அமேசானே அனுமதிப்பதில்லை, விபிசியில் உருவானதை வெளியே கொண்டுவரவும் முடியாது. நீங்கள் கேட்டதை நிறைவேற்ற டெராஃபார்முக்கு இருக்கும் ஒரே வழி இடித்துக் கட்டுவது, அதைத்தான் அது பிளானில் எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது உங்கள் தேடல் என்று அதற்கு எப்படித் தெரியும்? மேலாளரிடம் இதையே சொல்லுங்கள்: டூல் எதையும் பரிந்துரைக்கவில்லை, நாம் எழுதிய வரிகளின் விளைவு என்ன என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பிளானில் எந்த வரிக்குப் பக்கத்தில் ‘ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மெண்ட்’ என்று இருக்கிறதோ அதுதான் குற்றவாளி, அது ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மதிப்புகளை மேற்கோள் குறிக்குள் சரமாக எழுதாமல் வெறும் ட்ரூ என்றோ எண்ணாகவோ எழுதியிருந்தால், ஒவ்வொரு முறையும் வேறுபாடு காட்டி டொமைனை மறுபடி உருவாக்கப் பார்க்கும். ப்ரொவைடரின் (டெராஃபார்மை அமேசானோடு பேசவைக்கும் பகுதி) ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ‘கிரியேட் பிஃபோர் டெஸ்ட்ராய்’ போட்டால் போதும் என்றும் ஒருவர் யோசனை சொல்வார். அதே கணக்கில், அதே ரீஜனில், அதே பெயரில் இரண்டு டொமைன் இருக்கமுடியாது என்பதால் அது முதல் அடியிலேயே தோற்கும், பெயரை மாற்றிவிட்டாலும் டேட்டாவை அது நகர்த்தாது, புதியது வந்ததும் பழையதை அழித்துவிடும்.

சரி, என்ன செய்வது? நீங்கள் இரண்டு வேலையை ஒரே பிளானில் போட்டுவிட்டீர்கள். இருப்பதை இருக்கிறபடியே டெராஃபார்மின் கண்ணுக்குக் கொண்டுவருவது ஒரு வேலை, விபிசிக்கு மாறுவது முற்றிலும் வேறொரு வேலை.

முதல் வேலைக்கு விபிசி வரிகளை எடுத்துவிடுங்கள். டெராஃபார்ம் 1.5இலிருந்து இம்போர்ட்டைக் கோடிலேயே ஒரு பிளாக்காக எழுதலாம், கான்ஃபிகரேஷனைத் தானே எழுதித்தரும் வசதியும் அதோடு வந்தது. தானாக எழுதித்தருவதில் தேவையில்லாத வரி நிறைய இருக்கும், வெட்டி எறியுங்கள். பழைய எலாஸ்டிக்சர்ச் ரிசோர்ஸ் வகையைத் தொடாமல் ஓபன்சர்ச் டொமைன் என்ற ரிசோர்ஸையே பயன்படுத்துங்கள், எஞ்சின் பதிப்பு என்ற இடத்தில் எலாஸ்டிக்சர்ச் 7.10 என்று கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். 2021 செப்டம்பரில் சேவையின் பெயரை எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓபன்சர்ச் என்று அமேசான் மாற்றியபோது எல்லாவற்றையும் மாற்றவில்லை, ஐஏஎம் (அமேசானின் அனுமதி அமைப்பு) அனுமதிகளின் முன்னொட்டு இன்னமும் பழைய ‘இஎஸ்’தான், புதுப் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பிளான் ஓட்டினால் ‘நோ சேஞ்சஸ்’ என்று வரும்வரை கோடைத் திருத்துங்கள். டொமைனைத் தொட்டுவிடாதீர்கள், அது இருப்பதுபோல உங்கள் கோடு மாறவேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டு, ‘இந்த ஒரு டேக் மட்டும் அழகாக இல்லை, மாற்றிவிடுவோமே’ என்று கை துறுதுறுக்கும், பொறுங்கள்.

அது முடிந்ததும் அழிப்பதைத் தடுக்கும் ‘பிரிவென்ட் டெஸ்ட்ராய்’ வரியைப் போடுங்கள். ஆனால் அதை முழுக்க நம்பவேண்டாம். அந்த வரி ரிசோர்ஸ் பிளாக்குக்குள்ளேதான் இருக்கிறது, யாராவது பிளாக்கையே கோப்பிலிருந்து நீக்கிவிட்டால் காவலும் சேர்ந்து நீங்கிவிடும், டெராஃபார்ம் டொமைனை அழிக்க பிளான் போடும். அதனால் டெராஃபார்மைத் தானாக ஓட்டும் பைப்லைனின் ஐஏஎம் ரோலுக்கு டொமைனை அழிக்கும் அனுமதியை வெளிப்படையாக மறுத்துவிடுங்கள். கோடில் என்ன தப்பு நடந்தாலும் அமேசான் பக்கத்திலேயே கதவு மூடியிருக்கும். தேடல், டேட்டாபேஸ் மாதிரி நினைவு வைத்திருக்கும் எதற்கும் நான் இதைத்தான் செய்கிறேன், ரிவ்யூவில் ஒருவர் கவனமாகப் பார்ப்பார் என்ற நம்பிக்கையில் டேட்டாவை வைப்பதில்லை.

இரண்டாவது வேலை, விபிசியில் வேறு பெயரில் ஒரு புதிய டொமைன். பழையது பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பெயர் 28 எழுத்துக்குள் இருக்கவேண்டும், சூழல் பெயர், குழு பெயர், பதிப்பு என்று எல்லாவற்றையும் ஒட்டவைக்கும் வழக்கமிருந்தால் இங்கே இடிக்கும். அந்தக் கணக்கில் முதல்முறையாக விபிசி டொமைன் உருவாக்குகிறீர்கள் என்றால் ஓபன்சர்ச்சுக்கான சர்வீஸ் லிங்க்டு ரோல் (அந்தச் சேவைக்கே உரிய அனுமதி ரோல்) முன்பே இருந்தாகவேண்டும், இல்லாவிட்டால் பிளான் பாஸாகி அப்ளை தோற்கும். அந்த ரோல் கணக்குக்கு ஒன்றுதான், ஒவ்வொரு சூழலின் கோடிலும் அதை எழுதினால் இரண்டாவது சூழலில் ஏற்கனவே இருக்கிறது என்று பிழை வரும், கணக்கு அளவிலான பொது ஸ்டேட்டில் (தான் நிர்வகிப்பவை பற்றி டெராஃபார்ம் வைத்திருக்கும் பதிவு) வையுங்கள். எத்தனை அவெய்லபிலிட்டி ஸோனில் (தனித்தனி டேட்டா சென்டர் தொகுதி) டொமைன் ஓடப்போகிறதோ அத்தனை சப்நெட்தான் (விபிசியின் உட்பிரிவு) கொடுக்கவேண்டும். ஆக்சஸ் பாலிசியை டொமைன் பிளாக்கிலோ தனி ரிசோர்ஸிலோ ஏதாவது ஒன்றில் மட்டும் எழுதுங்கள், இரண்டிலும் இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டே இருக்கும்.

புதியதாகக் கட்டும்போதே ஃபைன் கிரெய்ன்டு ஆக்சஸ் கன்ட்ரோலை (யார் எந்த இன்டெக்ஸைத் தொடலாம் என்று நுணுக்கமாகக் கட்டுப்படுத்துவது) போட்டுவிடுங்கள். அதற்கு டிஸ்க் என்க்ரிப்ஷன், நோடுகளுக்கு இடையிலான என்க்ரிப்ஷன், ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம் மூன்றும் வேண்டும். போட்டபின் அணைக்கமுடியாது, அதனால் மனம் மாறினால் மறுபடி இதே இடித்துக்கட்டும் கதைதான். மாஸ்டர் யூசருக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் அந்த பாஸ்வேர்டு ஸ்டேட் கோப்பில் அப்படியே வெளிப்படையாக உட்காரும். சென்சிடிவ் என்று குறித்தால் திரையில்தான் மறையும், ஸ்டேட்டில் மறையாது. பாஸ்வேர்டே வேண்டாம், ஒரு ஐஏஎம் ரோலின் ஏஆர்என்னை (அமேசானில் அதன் முழு அடையாளப் பெயர்) மாஸ்டராகக் கொடுங்கள்.

டேட்டாவை எப்படி நகர்த்துவது? பலரும் முதலில் ஸ்னாப்ஷாட்டைத்தான் யோசிப்பார்கள். எஸ்3இல் ஒரு ரெப்பாசிட்டரி பதிவு செய்து, எடுத்து, புதியதில் மீட்கலாம், வேலை செய்யும். மீட்கும்போது பாதுகாப்பு இன்டெக்ஸ், கிபானா இன்டெக்ஸ் போன்ற புள்ளியில் தொடங்கும் உள் இன்டெக்ஸ்களை விலக்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் ஏற்கனவே அதே பெயரில் இருக்கிறது என்று மறுக்கும். ஆனால் உங்களிடம் நான் வேறொன்று கேட்பேன்: தேடல் இன்டெக்ஸில் இருக்கும் தகவல் வேறு எங்கே இருக்கிறது? பொருள் விவரம் என்றால் மூலம் ஒரு டேட்டாபேஸில் இருக்கும், இன்டெக்ஸ் அதன் நகல். அப்படியென்றால் டேட்டாபேஸிலிருந்தே புதிய டொமைனை நிரப்புங்கள். ஸ்னாப்ஷாட் எடுக்கும் நேரத்துக்கும் மாறும் நேரத்துக்கும் இடையில் வந்த மாற்றங்களை எப்படிப் பிடிப்பது என்ற தலைவலியைவிட இது சுத்தம், பழைய மேப்பிங்கில் சேர்ந்த குப்பையும் போகும். இன்டெக்ஸை மொத்தமாக மறுபடி கட்டும் ஸ்கிரிப்ட் உங்களிடம் இல்லை என்று தெரியவந்தால், விபிசியை மறந்துவிட்டு முதலில் அதை எழுதுங்கள், ஏனென்றால் அது இல்லாமல் நீங்கள் இதுவரை ஓட்டியதே அதிர்ஷ்டம்.

புதிய டொமைனை ஓபன்சர்ச் எஞ்சினில் கட்டினால் அப்ளிகேஷனின் கிளையண்ட் லைப்ரரியைப் பாருங்கள். எலாஸ்டிக் தன் லைசென்ஸை 2021 ஜனவரியில் மாற்றி, ஓபன்சர்ச் பிரிந்து வந்த பிறகு, எலாஸ்டிக்கின் கிளையண்டுகள் 7.14இலிருந்து எதிரில் இருப்பது எலாஸ்டிக்சர்ச்தானா என்று சோதித்து, இல்லையென்றால் பேச மறுக்கின்றன. ஓபன்சர்ச்சுக்கு என்று தனி கிளையண்டுகள் இருக்கின்றன, மாறுங்கள். எண்ட்பாயிண்ட்டை அப்ளிகேஷன் கோடில் எழுதாமல் பாராமீட்டர் ஸ்டோர் போன்ற இடத்திலிருந்து படிக்க வையுங்கள், அப்போது மாறுவதும் திரும்புவதும் ஒரு மதிப்பை மாற்றும் வேலைதான். சில நாட்கள் இரண்டு டொமைனிலும் எழுதுங்கள், படிப்பதை மட்டும் புதியதற்குத் திருப்புங்கள்.

அடுத்து இன்டெக்ஸ் கேள்வி. என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது: டொமைன் டெராஃபார்மில் இருக்கட்டும், இன்டெக்ஸ் வேண்டாம்.

ஓபன்சர்ச்சுக்குத் தனி ப்ரொவைடர் இருக்கிறது, இன்டெக்ஸ் என்ற ரிசோர்ஸும் அதில் இருக்கிறது, முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் இன்டெக்ஸின் இயல்பைப் பாருங்கள். ஒரு ஃபீல்டின் வகையை மாற்ற முடியாது, முதன்மை ஷார்டுகளின் (இன்டெக்ஸைப் பிரித்து வைக்கும் துண்டுகள்) எண்ணிக்கையை அதே இன்டெக்ஸில் மாற்ற முடியாது. மாற்றவேண்டும் என்றால் புதிய இன்டெக்ஸ் ஒன்றை உருவாக்கி, டேட்டாவை அதற்குள் ரீஇன்டெக்ஸ் செய்து, பெயரைத் திருப்பவேண்டும். டெராஃபார்மின் மொழியில் இந்த நடு வேலைக்கு இடமே இல்லை, அதற்கு அழிப்பதும் உருவாக்குவதும்தான் தெரியும். அந்த ப்ரொவைடரில், உள்ளே ஆவணங்கள் இருந்தால் இன்டெக்ஸை அழிக்காமல் தடுக்கும் ‘ஃபோர்ஸ் டெஸ்ட்ராய்’ அமைப்பு இருக்கிறது. ஒரு நாள் அவசரத்தில் அதை ட்ரூ ஆக்கினால்தான் பைப்லைன் பாஸாகும் என்ற நிலை வரும், யாராவது ஆக்குவார்கள்.

நடைமுறையில் நன்றாக ஓடுவது இது: இன்டெக்ஸுக்கு பதிப்பு எண்ணோடு பெயர், அதன் மேல் எண் இல்லாத ஓர் அலையஸ் (மாற்றுப்பெயர்), அப்ளிகேஷனுக்குத் தெரிந்தது அலையஸ் மட்டும். மேப்பிங் மாறினால் அடுத்த எண்ணில் இன்டெக்ஸ் உருவாகி, நிரம்பி, எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று சோதித்து, அலையஸ் ஒரே அழைப்பில் பழையதிலிருந்து புதியதற்குத் திரும்பும். இந்த வேலை அப்ளிகேஷனின் டிப்ளாய்மெண்ட்டோடு ஓடும் ஒரு ஜாப், மேப்பிங் கோப்பும் அந்த ரெப்போவிலேயே இருக்கட்டும், ஏனென்றால் தேடல் குவெரி எழுதுகிறவர்தான் அதை மாற்றுவார். சினானிம் பட்டியலும் பெரும்பாலும் அப்படித்தான். அதை எஸ்3இல் வைத்து பேக்கேஜாக டொமைனில் இணைக்க டெராஃபார்ம் ரிசோர்ஸ் உண்டு, ஆனால் தேடலைக் கவனிக்கும் ஆள் தினமும் நாலு சொல் சேர்ப்பார் என்றால் ஒவ்வொன்றுக்கும் உங்கள் ரிவ்யூவுக்குக் காத்திருக்கமாட்டார், கன்சோலுக்குப் போய்விடுவார்.

ரோல், ரோல் மேப்பிங், இன்டெக்ஸ் டெம்ப்ளேட், பழைய இன்டெக்ஸைக் கழிக்கும் ஐஎஸ்எம் (இன்டெக்ஸ் நிர்வாக) பாலிசி, இவற்றை டெராஃபார்மில் தாராளமாக வைக்கலாம். அழித்து உருவாக்கினாலும் டேட்டா போகாது. ஆனால் டொமைன் இருக்கும் ஸ்டேட்டில் வேண்டாம். இந்த ப்ரொவைடருக்கு டொமைனின் எண்ட்பாயிண்ட் தெரிந்தால்தான் பிளானே போடமுடியும். முதல்முறை ஓடும்போது டொமைனே இன்னும் பிறந்திருக்காது. இரண்டாவது ஸ்டேட்டாகப் பிரித்துவிடுங்கள். விபிசிக்குள் போனபின் இன்னொரு சிக்கலும் உண்டு: உங்கள் பைப்லைன் ரன்னர் (அதை ஓட்டும் மெஷின்) வெளியே எங்கோ ஓடுகிறது என்றால் எண்ட்பாயிண்ட்டை அது எட்டவே முடியாது. டொமைனை உருவாக்குவது அமேசானின் பொது ஏபிஐ வழியாக நடப்பதால் அது சிக்கலில்லாமல் முடியும், ரோல் உருவாக்கும் இடத்தில் வந்துதான் டைம்அவுட் ஆகும், பலர் செக்யூரிட்டி குரூப்பை நாள் முழுக்கக் குடைவார்கள். ரன்னரையே விபிசிக்குள் கொண்டுபோங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், டொமைன் டெராஃபார்முக்கு வந்தபின் முதல் மாதத்திலேயே இது உங்களைப் பிடிக்கும். ரீப்ளேஸ் என்று வராமல் ‘அப்டேட் இன் பிளேஸ்’ என்று வந்தால் சின்ன மாற்றம் என்று எண்ணத்தோன்றும். இன்ஸ்டன்ஸ் வகையை மாற்றும் வரி பிளானில் ஒற்றை வரிதான், பின்னால் நடப்பது புளூ கிரீன் டிப்ளாய்மெண்ட்: புது நோடுகள் எழுந்து, மொத்த டேட்டாவும் அவற்றுக்கு நகர்ந்து, பழையவை விலகும். டேட்டா அதிகமென்றால் மணிக்கணக்கில் ஓடும், அந்த நேரத்தில் கிளஸ்டருக்குச் சுமை கூடும். ஆக்சஸ் பாலிசி மாற்றத்துக்கு பெரும்பாலும் இது நடக்காது. பிளான் இந்த வேறுபாட்டைக் காட்டாது, அமேசானின் ஏபிஐயில் இருக்கும் ட்ரை ரன் காட்டும், பெரிய மாற்றத்துக்கு முன் அதை ஓட்டிப்பாருங்கள். பைப்லைன் ஜாப்புக்கு ஒரு மணி நேர வரம்பு இருந்தால் நடுவில் டெராஃபார்ம் கொல்லப்படும், ஸ்டேட் லாக் (இருவர் ஒரே நேரத்தில் ஓட்டாமல் தடுக்கும் பூட்டு) அப்படியே நிற்கும், அமேசான் பக்கம் வேலை தொடரும். அப்போது பதறி மறுபடி அப்ளை கொடுக்காதீர்கள். டொமைன் ப்ராசஸிங் நிலையிலிருந்து வெளியே வரும்வரை காத்திருந்து, வேறு யாரும் ஓட்டவில்லை என்று உறுதிசெய்துகொண்டு லாக்கை விடுவித்து, பிளான் போட்டுப் பாருங்கள்.

கன்சோலில் கை வைப்பதை முழுக்கத் தடைசெய்யச் சொல்லமாட்டேன். நள்ளிரவில் டிஸ்க் நிரம்பினால் கன்சோலில் பெரிதாக்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் விடிந்ததும் அதே எண்ணைக் கோடிலும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் யாரோ ஒரு டேக் மாற்ற அப்ளை கொடுக்கும்போது டிஸ்க்கையும் பழைய அளவுக்கு இழுக்கப் பார்க்கும். தினமும் ஒரு பிளானைத் தானாக ஓட்டி, வேறுபாடு இருந்தால் குழுவுக்குச் செய்தி போகும்படி வைத்தால் போதும்.

ஓபன்டோஃபு பற்றி: இந்த வேலைக்கு எதுவும் மாறாது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் லைசென்ஸை மாற்றியதால் பிரிந்து வந்தது அது, லைசென்ஸ் உங்கள் சட்டக் குழுவுக்குப் பிரச்சினை என்றால் மாறுங்கள். ஆனால் டொமைனை மாற்றும் அதே மாதத்தில் மாறாதீர்கள், ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்று தெரியாது.

கடைசியாகப் பழைய டொமைன். புதியதற்கு மாறிய அதே புல் ரிக்வெஸ்ட்டில் அதை நீக்காதீர்கள், தனியாக, சில வாரம் கழித்து. அதற்கு முன் உங்கள் எஸ்3இல் கையால் ஒரு ஸ்னாப்ஷாட். டெராஃபார்ம் 1.7இல் வந்த ‘ரிமூவ்டு’ பிளாக்கில் அழிக்கவேண்டாம் என்று குறித்தால் ஸ்டேட்டிலிருந்து மட்டும் அது விலகும். அதன்பின் மெட்ரிக்ஸில் ஒரு தேடல்கூட வரவில்லை என்று பார்த்துவிட்டு, அனுமதி உள்ள ஒருவர் கன்சோலில் பெயரைத் தட்டச்சு செய்து அழிக்கட்டும். ஒரு தேடல் வந்தாலும் நிறுத்துங்கள், எந்தக் குழுவின் மறந்துபோன ரிப்போர்ட் ஜாப் அது என்று கண்டுபிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.